நெல்லித்தோப்பில் மை வைத்த நாள்

2016 நவம்பர் 19, சனிக்கிழமை. புதுச்சேரி நெல்லித்தோப்பு தொகுதியில் இடைத்தேர்தல். எனக்கு அன்று இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலர் வேலை. புரியும்படி சொன்னால், பதிவேட்டில் எழுதி, விரலில் மை வைத்து, கையெழுத்து வாங்கி, சிறு சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிற ஆள். மேசையில் 17ஏ பதிவேடு, கைரேகை வைக்க ஸ்டாம்ப் பேட், ஒரு ஈரத்துணி, மணல் நிரப்பிய சின்ன டப்பாவில் செருகி வைத்த மைக் குப்பி.

நான் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை. பொதுத்தேர்தல் வேலை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஆனால் இடைத்தேர்தல் வேறு மாதிரி என்பதை அந்த ஒரு நாளில்தான் தெரிந்துகொண்டேன். அன்று பார்த்ததில் பாதி, வாக்குப் போடப் போகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்று இன்றும் நினைக்கிறேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

"இப்பத்தானே போட்டோம், மறுபடியும் எதுக்கு?" என்று அன்று காலையில் மட்டும் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்வி. அந்த வருடம் மே 16 அன்றுதான் சட்டமன்றப் பொதுத்தேர்தல் நடந்திருந்தது. ஜூன் 6 அன்று நாராயணசாமி முதலமைச்சராகப் பதவியேற்றார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. அப்படிப் பதவிக்கு வருகிறவர் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். அவருக்கு வழிவிட்டு நெல்லித்தோப்பு உறுப்பினர் ஜான்குமார் ராஜினாமா செய்ய, இந்தத் தேர்தல் வந்தது. பொதுவாக ஒரு இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். மிச்சப் பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை.

புதுச்சேரித் தொகுதிகள் எவ்வளவு சின்னவை என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. நெல்லித்தோப்பில் மொத்த வாக்காளர்களே முப்பதாயிரத்தை ஒட்டித்தான். இந்திரா காந்தி சிலையிலிருந்து மாதா கோயில் வரை நடந்து போய்த் திரும்புவதற்குள் தெரிந்த முகம் நாலு எதிர்ப்பட்டுவிடும். பொதுத்தேர்தலில் முப்பது தொகுதிகளுக்கும் பிரிந்து கிடக்கிற கட்சிக்காரர்கள் எல்லோரும் இடைத்தேர்தலில் இந்த ஒரே தொகுதிக்குள் வந்து நிற்பார்கள். பூத்துக்குள் உட்கார்ந்த ஏஜெண்டுகளும் அப்படியே. பட்டியலில் யார் வெளியூரில் இருக்கிறார், யார் இறந்துவிட்டார், எந்த வீட்டில் மருமகள் புதிதாக வந்திருக்கிறாள், எல்லாம் விரல் நுனியில். அவ்வளவு கண்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் வேலை செய்வது முதல் ஒரு மணி நேரம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அப்புறம் அதுவே பலமாகப் பட்டது. நான் தவறினால் யாராவது உடனே சொல்லிவிடுவார்கள்.

காலையில் வாக்குப்பதிவு தொடங்குமுன் மாதிரி வாக்குப்பதிவு உண்டு. ஏஜெண்டுகளையே உட்கார வைத்து, குறைந்தது ஐம்பது வாக்காவது போட்டு, எண்ணிக் காட்டி, பிறகு கட்டாயம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எண்ணிக்கை பூஜ்யம் என்று எல்லோர் கண்ணிலும் பட்ட பிறகே சீல் வைக்க வேண்டும். எங்கள் தலைமை அலுவலர் மேல்நிலைப்பள்ளி ஆசிரியர், நிதானமான மனிதர். பூஜ்யத்தை ஒவ்வொரு ஏஜெண்டும் எட்டிப் பார்க்கும்வரை கையை எடுக்கவில்லை. ஏஜெண்டாகப் போகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: விடியற்காலையில் நடக்கிற இந்த அரை மணி நேரத்தைத் தூக்கத்துக்காக விட்டுவிடாதீர்கள். சாயங்காலம் வந்து சந்தேகப்படுவதை விட, காலையில் வந்து பூஜ்யத்தைப் பார்ப்பது நல்லது.

இனி மைக்கு வருகிறேன். அன்று என் மனசு முழுக்க மைதான்.

நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். வங்கி வாசலில் எல்லாம் வரிசை. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து தாள் மாற்றுகிறார் என்று, மாற்றுகிறவர் விரலில் அழியாத மை வைக்கப்படும் என 15ஆம் தேதி அரசு அறிவித்தது. தேர்தலுக்கு நாலே நாள் முன்பு! வங்கியில் வலது கை ஆட்காட்டி விரல், எங்களுக்கு இடது கை ஆட்காட்டி விரல். இடைத்தேர்தல் நடக்கிற நேரத்தில் இது குழப்பமாகிவிடும் என்று தேர்தல் ஆணையம் நிதி அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதிய செய்தி வாக்குப்பதிவுக்கு ஓரிரு நாள் முன்பு வந்தது. செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. மை உள்ள விரலோடு யாராவது வந்து நின்றால்?

வந்தார். பத்து மணி வாக்கில், இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர். சென்னையில் வேலை, வாக்குப் போடுவதற்காக இரவு பஸ் பிடித்து வந்ததாகச் சொன்னார். முதல் அலுவலர் பெயரை உரக்கப் படித்து முடித்ததும் என் மேசைக்கு வந்து, பதிவேட்டை இழுத்துக்கொள்ள வலது கையை நீட்டினார். விரலில் கறுப்புக் கோடு. ஒரு ஏஜெண்ட் எழுந்தே விட்டார்.

"மேடம், அவர் விரல்ல மை இருக்கு. ஏற்கெனவே எங்கேயோ போட்டுட்டு வந்திருக்கார்."

"அண்ணே, இது பேங்க்ல வெச்சது. தி.நகர்ல மூணு மணி நேரம் நின்னு வாங்கினேன்" என்றார் அந்தத் தம்பி. முகம் சுண்டிப்போயிற்று.

தலைமை அலுவலர் கையேட்டைத் திறந்து சத்தமாகப் படித்தார். பார்க்க வேண்டியது இடது ஆட்காட்டி விரல். அதில் மை இருந்தால்தான் வாக்கு இல்லை. வலது விரலில் என்ன இருந்தாலும் நமக்கு வேலை இல்லை. ஏஜெண்டையே அழைத்து அந்தத் தம்பியின் இடது விரலைப் பார்க்கச் சொன்னார். சுத்தமாக இருந்தது. மை வைத்தேன், சீட்டு கொடுத்தேன், போட்டுவிட்டுப் போனார். மொத்தமும் இரண்டு நிமிடம். ஆனால் விதி தெரியாத ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் ஒரு பிள்ளை இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, வாக்கில்லாமல் திரும்பியிருக்கும்.

அதே நாள் மதியம் இன்னொரு விரல். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. இடது கையை மேசைமேல் வைத்தார். ஆட்காட்டி விரல் அடியோடு இல்லை. "மிஷின்ல போயிடுச்சும்மா, ரொம்ப வருஷம் ஆச்சு" என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. விதி அதற்கும் இருக்கிறது. இடது ஆட்காட்டி விரல் இல்லையென்றால் இடது கையின் வேறு விரல். இடது கையில் விரலே இல்லையென்றால் வலது ஆட்காட்டி விரல், அதுவும் இல்லையென்றால் வலது கையின் வேறு விரல். எந்தக் கையிலும் விரல் இல்லாதவருக்குக் கையின் நுனியில் வைக்கலாம். அவருக்கு நடுவிரலில் வைத்தேன். கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டார்.

அவர் போன பிறகுதான் ஆணையம் ஏன் கடிதம் எழுதியது என்பது எனக்கு முழுசாக விளங்கியது. இடது கையே இல்லாத ஒருவர் வங்கியில் வலது விரலில் மை வாங்கி வந்திருந்தால் என்ன ஆகும்? அப்படி ஒருவர் எங்கள் பூத்துக்கு வரவில்லை. ஆனால் எங்கோ ஒருவர் இருந்திருப்பார். அந்த ஒருவரையும் யோசித்துத்தான் விதி எழுத வேண்டியிருக்கிறது.

மை வைக்கிற வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நகத்தின் மேல்நுனியிலிருந்து முதல் கணு வரை கோடாக இழுக்க வேண்டும், பொட்டு வைப்பது போல அல்ல. முதலில் மை, பிறகு கையெழுத்து. அவர் கையெழுத்திட்டு, சீட்டு வாங்கி, வாக்குப் போட்டு வெளியே போவதற்குள் மை காய்ந்துவிடும். விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். குப்பியை மணலில் செருகி வைக்கச் சொல்வது சும்மா இல்லை. பதினோரு மணிக்கு என் முழங்கை பட்டு டப்பா நகர்ந்தது, குப்பி சாயவே இல்லை. இல்லையென்றால் அன்று பதிவேட்டின் பாதி கறுப்பாகியிருக்கும். மைசூரில் கர்நாடக அரசின் பெயிண்ட் நிறுவனம் தயாரிக்கிற மை அது. பட்டால் தோலை விட்டுப் போக வாரக்கணக்காகும். சோப்பு, எலுமிச்சை எதற்கும் மசியாது.

வாக்காளர்களுக்காக ஒரு சம்பவத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டிய ஆயா ஒருவர், மகள் வெளியே நிற்க, தனியாக உள்ளே வந்தார். மை வைத்தேன், கைரேகை வைத்தார், ஈரத்துணியில் கட்டைவிரலைத் துடைத்துவிட்டேன். மூன்றாம் அலுவலர் சீட்டை வாங்கிக்கொண்டு, தன் மேசையில் இருந்த கண்ட்ரோல் யூனிட்டில், அடுத்த வாக்குக்கு இயந்திரத்தைத் திறந்துவிடுகிற பொத்தானை அழுத்தினார். ஆயா மறைப்புக்குள் போய், அரை நிமிடத்தில் வெளியே வந்து, கதவைப் பார்த்து நடந்தார். பீப் சத்தம் வரவில்லை. கண்ட்ரோல் யூனிட்டில் சிவப்பு விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

"ஆயா, நில்லுங்க. ஓட்டு விழலையே."

"போட்டேனே ராசா. நல்லா அழுத்தித்தான் போட்டேன்."

எங்கே அழுத்தினீர்கள் என்று கேட்க முடியாது. கேட்டால் எதற்குப் போட்டார் என்பது வெளியே வந்துவிடும். தலைமை அலுவலரும் தனியாக மறைப்புக்குள் போய்க் காட்டக் கூடாது. அதற்காகவே அட்டையில் செய்த மாதிரி இயந்திரம் ஒன்று தருகிறார்கள். ஏஜெண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க, தலைமை அலுவலர் அதை ஆயா முன் வைத்தார். ஆயா மை காயாத விரலை நீட்டி, ஒரு சின்னத்தின் படத்தின் மேலேயே வைக்கப் போனார். அவர் சட்டென்று அட்டையைப் பின்னுக்கு இழுத்து, "படத்துல இல்ல ஆயா, பக்கத்துல நீலமா இருக்கு பாருங்க, அந்தப் பொத்தான்" என்றார். ஆயா தலையாட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போனார். நீளமாகப் பீப் கேட்டது. அறையில் இருந்த எல்லோரும், ஏஜெண்டுகள் உட்பட, மூச்சு விட்டோம்.

மூன்றாம் அலுவலர் விளக்கைக் கவனித்ததால் ஆயா தப்பித்தார். வாசலைத் தாண்டியிருந்தால் அந்த வாக்கு போனதுதான். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எந்தக் கட்சி, எந்தச் சின்னம் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: நீலப் பொத்தானை அழுத்தணும், சத்தம் வரும்வரை நகரக் கூடாது. கண் தெரியாதவர், தானாக அழுத்த முடியாத அளவு உடல் தளர்ந்தவர் என்றால் பதினெட்டு வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். ஒரு துணையாள் அன்று ஒருவருக்கு மட்டும்தான் துணை வர முடியும். இது தெரியாமல், தன் அம்மாவுக்கு வந்த ஒரு பெண் மாமியாரையும் அழைத்து வந்து நின்றார். மாமியாருக்கு அவர் மகனை வரச்சொல்லி அனுப்பினோம்.

அன்றைக்கு மனசு கஷ்டப்பட்டது ஒரு அக்காவுக்காக. மார்க்கெட்டில் பூ விற்கிறவர், கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்தார். மே மாதம் இதே பூத்தில் வாக்குப் போட்டதாகச் சொன்னார். பட்டியலில் பெயர் இல்லை. இடையில் வீடு மாறியிருக்கிறார், பக்கத்துத் தொகுதிக்கு. பெயரும் அங்கே போய்விட்டது. கையில் அடையாள அட்டை இருக்கிறது, ஆனால் அட்டை இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் வேறு வேறு. "கார்டு இருக்கேம்மா" என்று அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இடைத்தேர்தலில் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் தெரு தாண்டினால் தொகுதி மாறுகிற ஊர் இது. தேர்தல் அறிவிப்பு வந்த அன்றே பட்டியலில் பெயரைப் பாருங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் நாள் பிடிக்கும் என்பதால் கடைசி நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

பூத் சிலிப் விஷயமும் மாறியிருக்கிறது. அன்று படம் போட்ட சிலிப்பை மட்டும் காட்டி நிறையப் பேர் வாக்களித்தார்கள். 2019 முதல் அது தனி அடையாளச் சான்றாக ஏற்கப்படுவதில்லை. வாக்காளர் அட்டை, இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பான் கார்டு போன்ற ஒன்று கையில் இருக்க வேண்டும்.

உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டால்? சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். நீங்கள்தான் அவர் என்று தலைமை அலுவலருக்குத் திருப்தியாகிவிட்டால், ஆய்வுக்குரிய வாக்கு என்று காகித வாக்குச் சீட்டு தருவார்கள். அதைத் தனி உறையில் வைப்பார்கள். சாதாரணமாக அது எண்ணிக்கையில் சேராது, வழக்கு வந்து நீதிமன்றம் சொன்னால்தான் எடுப்பார்கள். இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் வந்தீர்கள் என்பதற்கு அது பதிவு. ஒரு வாக்காளரை இவர் அவர் இல்லை என்று ஏஜெண்ட் எதிர்ப்பதற்கும் வழி உண்டு. ஒவ்வொரு எதிர்ப்புக்கும் 2 ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். எங்கள் பூத்தில் ஒரு புது மருமகளைப் படம் ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் எதிர்க்கப் பார்த்தார். எதிர்க்கட்சி ஏஜெண்டே "அட, நம்ம தெருப் பொண்ணுங்க" என்று சொன்னதும் உட்கார்ந்துவிட்டார்.

மாலை நேரம் முடிகிறபோது வாசலில் நாற்பது பேருக்கு மேல் வரிசை. நேரம் முடிந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பின்னால் நின்ற சிலர் கிளம்பவே தொடங்கினார்கள். தலைமை அலுவலர் வெளியே ஓடிப்போய், வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கிக் கையெழுத்துப் போட்ட சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசியிலிருந்து ஏன்? முன்னாலிருந்து கொடுத்தால் அதற்குள் பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே போகும். முடிவு நேரத்தில் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் வாக்கு உண்டு, எவ்வளவு நேரமானாலும். இதைத் தெரிந்துகொண்டு நில்லுங்கள்.

கடைசி வாக்கு விழுந்ததும் பதிவேட்டு எண்ணும் இயந்திர எண்ணும் சரிபார்த்தோம். ஒன்றுகூடப் பிசகவில்லை. நான் எழுதிய கடைசி வரிசை எண்ணும் கண்ட்ரோல் யூனிட்டில் ஒளிர்ந்த எண்ணும் ஒன்றாக இருந்ததைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. அந்தக் கணக்கை 17சி படிவத்தில் எழுதி ஏஜெண்டுகளுக்கு நகல் கொடுப்பார்கள். அதை வாங்காமல் வெற்றிலை போடப் போய்விடுகிற ஏஜெண்டுகளை இப்போதும் பார்க்கிறேன். வேண்டாம். எண்ணிக்கை நாளன்று உங்கள் கையில் இருக்கிற ஒரே சான்று அந்தத் தாள்தான்.

அந்தத் தேர்தலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு, எனக்கே பிறகுதான் தெரிந்தது. படையில் பணிபுரிகிறவர்களுக்குத் தபால் வாக்குச் சீட்டை மின்னணு வழியில் அனுப்புகிற முறையை முதன்முதலில் நெல்லித்தோப்பில்தான் பயன்படுத்தினார்கள். எல்லையில் இருக்கிறவருக்குச் சீட்டு போய்ச் சேர்வதற்குள் எண்ணிக்கையே முடிந்துவிடும் என்ற பழைய குறைக்கு நம் ஊரிலிருந்து வழி திறந்தது. 22ஆம் தேதி எண்ணிக்கையில் நாராயணசாமி 11,144 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். முடிவு தெரிந்த தேர்தல்தானே என்று அப்போது பலர் சொன்னார்கள். அந்த எண்ணுக்குள் ஆயாவின் பீப் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் எங்கோ இருக்கிறது.

தேர்தல் வேலை ஆணையைப் பத்து நாளாவது பத்திரமாக வைத்திருங்கள் என்று புதிதாகப் போகிற ஆசிரியர்களுக்குச் சொல்வேன். வாக்குப்பதிவு முடிந்த திங்கட்கிழமை, அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று நாலு 500 ரூபாய்த் தாள்களோடு ஒரு வங்கியில் இரண்டரை மணி நேரம் நின்றேன். என் முறை வந்ததும் கவுன்ட்டரில் இருந்தவர் என் வலது கையைப் பார்த்தார். நாள் முழுக்க மைக்குச்சி பிடித்ததில் ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் கறுத்திருந்தன. ஒருவருக்கு ஒருமுறைதான், நீங்கள் ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்றார். கைப்பையில் மடித்து வைத்திருந்த ஆணையை எடுத்து விரித்தேன். மேலாளரைக் கூப்பிட்டார். அவர் ஆணையைப் படித்தார், என் விரல்களைப் பார்த்தார், மறுபடி ஆணையைப் பார்த்தார். "நெல்லித்தோப்பா மேடம்? எங்க அம்மா அங்கதான் ஓட்டுப் போட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கவுன்ட்டருக்குத் தலையசைத்தார்.